ஓரத்திலிருந்து ஓரம் வரை

தோல் பதனிடும் ஆலையின் கழிவுக் குளத்துக்கு ஐந்நூறு மீட்டருக்குள் உள்ள தெருக்களுக்கு மட்டும்தான் குடிநீர்க் குழாய் என்று அரசு சொல்லியிருந்தது. அந்தத் தெருக்களின் பட்டியலைத் தயாரித்த வரைபட அலுவலகத்தில்தான் ஆரிபாவுக்கு வேலை. பட்டியலில் அவள் தெருவே இல்லை.

தூரத்தைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். குளத்தின் நடுவிலிருந்து தெருவின் நடுவுக்கு அளந்து, ஐந்நூற்று நாற்பது மீட்டர் என்று தள்ளியிருந்தார்கள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளக்கும்படி ஒரு வரியை மாற்றி ஓட்டினாள். நூற்றுத் தொண்ணூறு மீட்டர்தான். கூடவே இன்னும் மூன்று தெருக்கள் உள்ளே வந்தன.

“உன் தெருங்கவும் இம்புட்டுத் துள்ளுறியாக்கும்?” என்றார் மேலாளர் மரியராஜ். “லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டாச்சும்மா.”

“ஆமா சார், என் தெருதான். கழிவு கரையிலருந்துதான எங்க கிணத்துக்கு எறங்குது? நட்டநடுக் குளத்துல யாரு சார் குடியிருக்கா, மீனா?”

“வேலையில இருக்கணுமா, வேணாமா?”

“அத நீங்க முடிவு பண்ணுங்க. தயாரிச்சது ஆரிபான்னு அடியில போட்டிருக்கீங்கள்ல, தப்பு லிஸ்ட்டுல என் பேரு இருக்கக் கூடாது.”

இரண்டு அளவுகளையும் இணைப்பாக வைத்து, புதிய பட்டியலைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“போயிருச்சு சார்.”