பூதத்தான் இழுத்த கேபிள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நான் வேறு ஒரு கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில். கங்கைகொண்டானில், உவரியிலிருந்து வரும் மீனைப் பதப்படுத்திப் பெட்டி போட்டு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. இங்கே எந்த ஃபைலைத் திறந்தாலும் அது சர்வரில்தான் இருக்கும். சர்வர் என்பது மாடிப்படிக்குக் கீழே கண்ணாடி அறையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. கேட்டில் போடும் மீன் எடை முதல் என் திருட்டுக் கதை வரை எல்லாம் அதற்குள். இரண்டு மாதமாக அந்தப் பெட்டிக்கும் எங்கள் கம்ப்யூட்டர்களுக்கும் இடையே தொடர்பு விட்டு விட்டு அறுந்தது. என் கதையின் முதல் வரி இப்படி நின்றுபோனது:

"தாமிரபரணியின் மறுகரையில் மருத மரங்கள் காற்றுக்கு"

காற்றுக்கு அவை என்ன செய்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொடர்பு திரும்பி வந்தபோது மரமும் இல்லை, ஃபைலும் இல்லை. (நல்லதுதான். அந்த வரியை எனக்கு முன்பே பலர் எழுதிவிட்டார்கள்.)

சரி, தொடர்பு அறுவதைப் பற்றியே எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் இதில் ஒரு மனிதருடைய வேலை போயிருக்கிறது என்பது உறைத்தது. அவர் பெயர் பூதத்தான். பதினோரு வருஷமாக இங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் இந்தக் கதையின் விஷயம். மீதியெல்லாம் வெறும் வயர்.

2

கதை நடப்பது ஹம்னாவுக்கு. இருபத்தேழு வயது, மேலப்பாளையத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள், கம்ப்யூட்டர் சம்பந்தமான அத்தனைக்கும் இங்கே அவள் ஒருத்திதான் பொறுப்பு. முதல் வரைவில் "ஹம்னா புயலாக உள்ளே நுழைந்தாள்" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் எந்த அறைக்குள்ளும் புயலாக நுழைந்ததில்லை. சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, யாராவது திட்டுவதற்கு முன் வேலையை ஆரம்பித்துவிடலாம் என்கிற அவசரத்தோடுதான் நுழைவாள்.

தொடர்பு அறுந்தால் கேட்டில் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் லாரிக்குள் இருக்கும் மீனை இறக்க முடியாது. மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, அந்தி மயங்குகையில் ஒருமுறை என்று அது போகும். குறித்த நேரம் என்றும் கிடையாது. இன்று பன்னிரண்டு இருபத்தைந்து என்றால் அடுத்த வாரம் அதற்கு இரண்டு நிமிஷம் தள்ளி. அரை மணி நேரம் ஆட்டம் காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தானே வந்துவிடும்.

ஹம்னா என்னென்னவோ செய்து பார்த்தாள். சர்வரை அணைத்துப் போட்டாள். எல்லா வயரும் வந்து சேர்கிற ஸ்விட்சுப் பெட்டியை மாற்றினாள். சர்வருக்குள் இருந்த கார்டை மாற்றினாள். வைரஸ் இருக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கத் தேடினாள். ஒவ்வொன்றைச் செய்தபோதும் தொடர்பு நன்றாக இருந்தது, அவள் போய் உட்கார்ந்ததும் அறுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பெட்டியை எடுத்து வெயிலில் எறிய வேண்டும் போலத்தான் வந்தது.

உவரி லாரி ஓட்டுகிற டார்லின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"தங்கச்சி, சீலா மீனு வெயில்ல கெடக்கு. ஒங்க கம்ப்யூட்டருக்கு மூக்கு கெடையாது. எனக்கு இருக்கு பாத்துக்கோ."

3

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஹம்னாவை நல்லவளாகவே எழுத வந்தது. நாலாவது முறை நடந்ததை எழுதுகிறேன்.]

இரண்டாவது வாரம், ஐஸ் அறைக்குப் பின்னால் ஓடும் கேபிளில் ஓரிடத்தில் மேலுறை கிழிந்திருப்பதை ஹம்னா பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு நிம்மதி வந்தது. எலும்பு முறிந்த இடம் எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. மேனேஜர் அகமது மீரானுக்கு மெயில் அனுப்பினாள்: "பழுது ஐஸ் அறைக் கேபிளில் இருக்கலாம்."

அந்தக் கேபிளை இழுத்தவர் பூதத்தான். அவர் ஹம்னாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"தாயி, நான் இழுத்த கேபிளு பதினோரு வருசமா இங்கன கெடக்கு. வயருன்னா இருந்தா மொத்தமா இருக்கும், போனா மொத்தமாப் போவும். நேரம் பாத்து வந்துட்டுப் போற சோலி வயருக்குக் கெடையாது."

அவர் சொன்னது சரி என்று ஹம்னாவுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அதை அவள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மறுநாள் பூதத்தானுக்குக் கடிதம் போனது: ஐஸ் அறைக் கேபிளில் ஏற்பட்ட பழுதுக்குத் தங்களது கவனக்குறைவே காரணம், இனி தாங்கள் வர வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து புதுக் கேபிள் இழுத்தார்.

அதற்குப் பிறகு நாலு நாள் தொடர்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. நாலு நாள்! எல்லாரும் பூதத்தான் பெயரைச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு அது மறுபடியும் போனது. பூதத்தானைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அப்போது ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. திட்டு மட்டும் ஹம்னா பக்கம் திரும்பியது.

4

கதைக்கு இந்த இடத்தில் ஒரு திருப்பம் வேண்டும். நான் ஒரு எலியை யோசித்து வைத்திருந்தேன். ஹம்னா அதைவிட உருப்படியான வேலை செய்தாள்.

இரண்டு மாதக் குறிப்பைத் தாளில் எழுதி மேசை முழுக்கப் பரப்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒருநாள்கூட அறுந்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன? ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்கு டவுனுக்குப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் அதே நேரம் லுஹர் தொழுகை இங்கேயே, ஆபீஸ் தொழுகை அறையில். லுஹர், அஸர், மஃரிப். மத்தியானம், சாயங்காலம், அந்தி. தொழுகை நேரம் நாளுக்கு நாள் நகரும், அதனோடு பழுதும் நகர்ந்திருக்கிறது. அந்த நாலு நாள்? அகமது மீரான் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார்.

ஹம்னா தொழுவது பெண்கள் ஓய்வறையில். ஆண்கள் தொழும் அறைக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை, போகவும் மாட்டாள். ஆபீசில் உள்ள ஒவ்வொரு கருவியையும் கையால் தொட்டுச் சோதித்தவள், அந்த ஒரு கதவை மட்டும் தள்ளவில்லை.

அன்று அஸருக்குத் தொடர்பு அறுந்ததும் சோதித்துப் பார்த்தாள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. சர்வரின் எண்ணைக் கூப்பிட்டால் இரண்டு கருவிகள் பதில் சொல்லின. ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்குப் போட்டால் தபால்காரர் பாடு என்ன ஆகும், அதுதான் இங்கே ஆகியிருந்தது. தபால் பாதி நேரம் தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

5

அகமது மீரானை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முடியவில்லை. ஹம்னாவின் வீட்டில் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்றபோது, நான் இருக்கேன் என்று சொல்லிக் கூட்டிவந்தவர் அவர்தான். ஒரே தெருக்காரர். மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, தொழுகை அறையில புதுசா எதுவும் மாட்டியிருக்கீங்களா?"

"ஆமா. மருமவன் உசாமா சார்ஜாவுலேந்து கொண்டாந்தாரு. தொழுகை நேரம் காட்டுத போர்டு, வைஃபைல தானா நேரத்தை எடுத்துக்கும். தொழப் போகைல ஸ்விட்சப் போடுவேன், முடிஞ்சதும் அமத்திருவேன். கரண்டு வீணாப் போவக்கூடாதுல்லா."

"அதுக்கு நம்பர் யாரு போட்டா?"

"நாந்தான். உசாமா போன்ல சொல்லச் சொல்ல அமுக்குனேன். ஏழு வரைக்கும் அதுவா வந்து நின்னுச்சு, கடைசிக் கட்டம் மட்டும் காலி. ஏழுக்குப் பொறவு காலியாக் கெடந்தா நீ என்ன போடுவே, சொல்லு பாப்போம்."

எண்பத்தாறுதான். ஹம்னாவும் அதைத்தான் போட்டிருப்பாள். ஏழோடு சேர்த்தால் 786, பிஸ்மில்லாவுக்கு ஈடாக நோட்டின் உச்சியிலும் லாரியின் நெற்றியிலும் எழுதுகிற எண் ஆயிற்றே. எட்டு வருஷத்துக்கு முன்பு சர்வரை வைத்தபோது முதலாளியும் அந்த எண்ணைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

"சர்வர் நம்பரும் அதுதான் மாமா."

அகமது மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாத்திட்டியா?"

"போர்டுக்கு எண்பத்தேழு போட்டுருங்க மாமா, சரியாப் போவும்."

"அப்பம் முடிஞ்சுது. விடு."

"பூதத்தான் அண்ணனுக்கு முடியலியே. ஏரல்ல வாழைத்தார் சுமக்காரு. ஒயரு வேலை தெரியாதவன்னு பேராயிட்டுது, இந்தப் பக்கம் ஒரு கம்பெனியும் சேக்க மாட்டேங்கான்."

"என்னைய என்ன செய்யச் சொல்லுதே? முப்பது வருசமா முதலாளிகிட்ட ஒரு தப்பு கேட்டதில்ல. தொழுகைக்குன்னு மாட்டுன போர்டால மீனு அழுகுச்சுன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

ஹம்னாவுக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வந்ததா, கிழிந்த வயரைப் பார்த்து நிம்மதிப்பட்ட தன் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

6

முடிவுகள்.

(அ) அகமது மீரான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரே ஏரலுக்குப் போகிறார். தோட்டத்து வரப்பில் பூதத்தான் தாரை இறக்கி வைக்கிறார். இருவரும் ஒன்றும் பேசாமல் ஆற்றைப் பார்க்கிறார்கள். இதை இரண்டு பக்கம் எழுதினேன், அழகாக வந்தது. முழுப் பொய். கிழித்துவிட்டேன்.

(ஆ) ஹம்னா முதலாளிக்கு நேரடியாக மெயில் அனுப்புகிறாள். அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், கூட்டிவந்த மனுஷனையே காட்டிக்கொடுத்தவள் என்று. அவள் இதற்கும் தயாராகத்தான் இருக்கிறாள். அவளை அனுப்பிவிட்டு நான் வேடிக்கை பார்ப்பதா என்பதுதான் என் தயக்கம். (தயக்கம் என்பது மரியாதையான சொல்.)

(இ) எண்பத்தேழோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை நான் எழுத வேண்டியதில்லை. யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் இதுதான் நடக்கும்.

நேற்று ஹம்னா என் மேசைக்கு வந்தாள். தான் அனுப்பிய மெயிலையும் பூதத்தானுக்குப் போன கடிதத்தையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சார், நான் 'இருக்கலாம்'னுதான் எழுதுனேன். கடிதத்துல அது இல்லியே."

இல்லைதான். கடிதம் எழுதுவது என் வேலை என்று முதலிலேயே சொன்னேன், இந்தக் கடிதத்தை எழுதியது நான் என்று மட்டும் சொல்லவில்லை. 'இருக்கலாம்' என்று போட்டால் கடிதம் நொண்டுகிறது என்று பட்டது. எடுத்துவிட்டேன். 'தங்களது கவனக்குறைவே காரணம்' என்று வந்தபோது, பரவாயில்லையே, நடை நன்றாக விழுந்திருக்கிறதே என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அகமது மீரான் அதைப் படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"முதலாளிக்கு நீங்க எழுதுங்க சார். மூணு பேரும் கையெழுத்துப் போடுவோம். மாமாவை நான் கேட்டுக்கிடுதேன். நாலு வரிதானே."

7

நாலு வரிதான். காலையிலிருந்து எழுதுகிறேன்.

*பொருள்: எலெக்ட்ரீஷியன் பூதத்தானைத் திரும்ப வேலைக்கு அழைப்பது தொடர்பாக.*

*ஐயா, அவர் இழுத்த கேபிளில் எந்தப் பழுதும் இல்லை. அவரை நீக்கியது தவறு. அந்தத் தவறுக்குக் காரணம்*

இங்கே ஒரு பெயர் வர வேண்டும். மூன்று பெயர் வந்தாலும் தகும். அதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹம்னா இரண்டு முறை இந்தப் பக்கமாகப் போனாள். நான் வேகமாகத் தட்டுவதைப் பார்த்து, கடிதம்தான் வளர்கிறது என்று நம்பிப் போய்விட்டாள்.

கதைக்கு முடிவு நீங்கள் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று தொடர்பு ஒருமுறைகூட அறவில்லை. மேலே அந்த வாக்கியம் பாதியில் நிற்பதற்கு நெட்வொர்க் காரணமில்லை.