நீர்க்காக முந்தி

ராமலிங்கத்துக்கு ஊர்கூடிப் பொன்னாடை போர்த்தியபோது, அவன் தங்கை காந்தா பின்வரிசையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். "டிசைன்னு சொன்னா காஞ்சிபுரத்துல நம்ம ராமலிங்கம்தான்!" என்று மைக்கில் ஒருவர் முழங்கினார். ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாகச் சிரித்தான். அடக்கத்துக்கு என்ன குறைச்சல்! அந்த மனுஷனுக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது. கட்டம் போட்ட காகிதத்தின்மேல் குனிந்து குனிந்து முதுகு ஒடிய, புடவைக்குக் கரையும் முந்தியும் புட்டாவும் போட்டுக் கொடுத்தவள் காந்தா. அன்றைக்கு அவள் வயிறு எரிய ஆரம்பித்தது. ஒரு வருஷம் ஆகியும் அணையவில்லை.

தன் பேரையும் சொல்லும்படி அண்ணனைக் கேட்டுப் பார்க்காமலும் இல்லை. தென்னேரியில் கட்டிக்கொடுத்த இடத்தில் அடிதாங்க முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். ராமலிங்கத்துக்கு அது ஒன்று போதும்.

"வாழாவெட்டியா வந்தவளுக்கு சோறு போட்டுக்கினு இருக்கேன். பேரு வேற வேணுமாடி உனக்கு?"

அவள் வாயை அடைக்க அவனுக்கு வேறு வார்த்தை தேவைப்பட்டதே இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம் அவர்கள் தெரு நூலகத்துக்கு யேசுதாஸ் என்ற புது நூலகர் வந்தார். பத்திரிகை படிக்கிற சாக்கில் தூங்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. ஊரில் படம் வரைகிறவர்கள் எல்லாரும் கொண்டுவந்து கொடுங்கள், சுவரில் மாட்டி ஊருக்குக் காட்டுவோம் என்று அறிவித்துவிட்டார். வரைந்தவர் பெயரைக் கறுப்பு மையில் யேசுதாஸே தூரிகையால் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டுவார். மாட்டுவதும் கழற்றுவதும் வரைந்தவர் கையால்தான் என்று ஒரு சட்டம் வேறு.

பெயர் ஒட்டுவார்கள் என்று கேட்டதும் காந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராமலிங்கம் மெட்ராஸுக்குப் பஸ் ஏறிய காலையில், பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்த புது டிசைனை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள்.

மயிலும் அன்னமும் போட்டுப் போட்டு அவளுக்குச் சலித்திருந்தது. தென்னேரி ஏரிக்கரையில் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் எதிரே பட்டுப்போன மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அவற்றையே முந்தியில் வரிசையாக விரித்திருந்தாள். "கல்யாணப் புடவையில காக்காயா? வெளங்கும்!" என்று ராமலிங்கம் முதலில் எகிறினான். மெட்ராஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு இது எனக்கு மட்டும்தான் என்று சொன்ன பிறகு, அது அவனே ஏரிக்கரையில் உட்கார்ந்து கண்ட கனவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நடக்க இருந்த கண்காட்சி திறந்த அன்று நல்ல கூட்டம். கோபுரப் படம், தலைவர் படம், சாமி படம் எல்லாம் இருந்தும் ஜனங்கள் நீர்க்காகத்தின் முன்னால்தான் நின்றார்கள். கீழே "காந்தா" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் தர்மனைக் கவனித்தாள்.

தர்மன், ராமலிங்கத்துக்குப் போட்டியாகப் பத்துத் தறி ஓட்டுகிறவன். படத்துக்கு எதிரே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதம் விரித்து, கட்டம் கட்டமாக எண்ணிப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான். கரையை முடித்துவிட்டுப் பறவைக்கு வந்துகொண்டிருந்தான். காந்தாவுக்குத் திக்கென்றது. இந்த ஊரில் வயசுக்கு வந்த பெண்ணைக்கூட வெளியே காட்டுவார்கள், புது டிசைனைக் காட்டமாட்டார்கள். கட்டத்தை எண்ணத் தெரிந்தவன் எவனும் அதைத் தறியில் ஏற்றிவிடலாம். இது தெரியாதவளா அவள்? கோபத்தில் மறந்து தொலைத்திருந்தாள்.

அதற்குள் யாரோ காதில் ஊதிவிட, மெட்ராஸிலிருந்து திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கிய ராமலிங்கம் நேரே நூலகத்துக்குள் பாய்ந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. படத்தைப் பிடுங்கப் போனவனை யேசுதாஸ் குறுக்கே நின்று தடுத்தார்.

"வரைஞ்சவங்கதாங்க கழட்டணும்."

"நான்தான்யா வரைஞ்சேன்!"

"கீழே காந்தான்னு இருக்குதே."

ராமலிங்கம் தோள் துண்டை உருவி விரித்துப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றான். "தள்ளி நில்லுப்பா, மறைக்கிது" என்றான் தர்மன்.

"கழட்டுடி! குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும், கழட்டு!"

"யாரு வரைஞ்சதுன்னு சொல்லு. கழட்டறேன்" என்றாள் காந்தா. அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

தர்மனின் பென்சில் சரசரத்தது. ராமலிங்கம் அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"இவதான் வரைஞ்சா! இது மட்டுமில்ல, எல்லாமே இவதான்! போதுமாடி?"

ஒரு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. கூட்டம் வாயைப் பிளக்கும் என்று நினைத்திருந்தாள். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"அதான் தெருவுக்கே தெரியுமே" என்றாள் பின்னாலிருந்து பொன்னியம்மாள், அடுத்த வீட்டுக்காரி. "அவனுக்கு இன்னா வரையத் தெரியும்?"

தெரியுமாம். தெரிந்துதான் பொன்னாடைக்குக் கை தட்டினார்கள். தெரிந்துதான் அவள் ஊற்றிய காபியைக் குடித்தார்கள். காந்தாவுக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் சின்னதாகிப் போய், அங்கே நின்ற அத்தனை பேர்மேலும் ஆத்திரம் பொங்கியது.

தர்மன் எதையும் காதில் வாங்காமல் எழுதிக்கொண்டிருந்தான். துண்டு நழுவியதில் முதல் பறவை தெரிந்துவிட்டது அவனுக்கு.

"தர்மண்ணா, எழுதறதுதான் எழுதறீங்க, கீழ இருக்கற பேரையும் சேர்த்து எழுதிக்குங்க" என்றாள் காந்தா.

அவன் நிமிர்ந்து சிரித்தான். "பேரு எதுக்கும்மா? புடவையில உன் பேரையா நெய்யப் போறேன்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் ராமலிங்கமும் இருந்தான். சற்றுமுன் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்று அலறிய அதே வாய்.

காந்தா யேசுதாஸின் மேஜைக்குப் போனாள். மைப்புட்டியையும் தூரிகையையும் எடுத்தாள். அண்ணனை ஒரு கையால் தள்ளிவிட்டு, முந்தியின் நடுவில், நீர்க்காகங்களின் தலையும் இறக்கையும் இருந்த கட்டங்களின்மேல், கட்டம் கட்டமாகக் கறுப்பை நிரப்பினாள். முதலில் கா. ராமலிங்கம் கத்திக்கொண்டே அவள் கையைப் பிடிக்க வந்தான். "வரைஞ்சவங்க இஷ்டங்க" என்று யேசுதாஸ் மறுபடி குறுக்கே வந்தார். ந் என்ற எழுத்தில் இரண்டு பறவைகள் காணாமல் போயின. தா முடிந்தபோது ஒரு பறவையும் மிச்சமில்லை. கரையிலிருந்து கரைவரை அவள் பெயர்தான் இருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. அந்தப் பறவைகளை அவள் எவ்வளவு ஆசையாக வரைந்தாள் என்று அங்கே யாருக்குத் தெரியும்? முதல் பறவைகூட முடியாத காகிதத்தோடு தர்மன் பேந்தப் பேந்த விழித்தான். ராமலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்ப நெய்யுங்க" என்றாள் இருவரையும் பார்த்து.

"இனிமே என் வாசப்படிய மிதிச்சே..." என்று ராமலிங்கம் ஆரம்பித்தான். அவள் கேட்கவில்லை. யேசுதாஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"கழட்டிடலாமாம்மா?"

"எதுக்கு சார்? ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தர்மன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து அவனை எழுப்பிவிட்டு, அதில் காந்தா உட்கார்ந்துகொண்டாள்.