வாசலில் சொன்ன பதில்

சைனம்புவுக்கு அது பயிற்சியின் ஒன்பதாவது நாள். மாமல்லபுரத்தில் சுஜாதா நடத்தும் நாலு அறை தங்கும் வீட்டில், படுக்கை போடுவதிலிருந்து காலை நாஸ்தா பரிமாறுவது வரை எல்லாவற்றையும் செய்துசெய்தே கற்றுக்கொள்ள வேண்டும். மொத்தம் பன்னிரண்டு நாள்.

புதுப்பட்டினத்தில் சைனம்புவின் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. கணவர் ஹயாத் பாஷா மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். முதுகு பிசகி இப்போது வீட்டோடு இருக்கிறார். மாடியில் தங்க வருகிறவர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது சைனம்புவின் யோசனை. "ஊரு பேரு தெரியாத ஆளுங்கள வூட்டுக்குள்ள வுடணுமா?" என்று அவர் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு அரைமனதாகத் தலையாட்டினார்.

முதல் நாள் சுஜாதா அவளை ஒரு குளியலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "அக்கா, நீங்கதான் விருந்தாளி. அஞ்சு நிமிஷம் உள்ள இருந்துட்டு வந்து என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க."

சைனம்பு வெளியே வந்து, "சுத்தமாத்தான் கீது மேடம்" என்றாள்.

சுஜாதா அவளை மறுபடி உள்ளே கூட்டிப்போய், தண்ணீர் போகும் துளையின் ஜல்லடையில் சிக்கியிருந்த ஒரு தலைமுடியையும், வாளியின் அடிப்பக்கம் படிந்திருந்த சோப்புக் கறையையும், எட்டாத உயரத்தில் அடித்திருந்த துண்டுக் கொக்கியையும் காட்டினாள். இருபத்தஞ்சு வருஷமாக வீடு துடைக்கிறவளுக்குப் பாடமா என்று சைனம்புவுக்கு முதலில் ரோசமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து தலைமுடி அவள் கண்ணுக்கே முதலில் தெரிந்தது. அவளோடு பயிற்சிக்கு வந்த வரதன் என்ற இளைஞன்கூட, "ஒங்க கண்ணுக்குத் தப்பவே முடியாதுக்கா" என்றான்.

அவளுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். தள்ளி நிற்பது. வந்தவர்களைக் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளை என்று கேட்கக்கூடாது. போதும் என்றவர் தட்டில் இன்னொரு தோசை வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அதைச் சொல்லும்போது சுஜாதா அவள் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

"இங்க யார் தங்கியிருக்காங்கன்னு வாசல்ல நிக்கறவங்களுக்குச் சொல்லக்கூடாது. அப்பான்னு சொன்னாலும் சரி, புருஷன்னு சொன்னாலும் சரி. பேர வாங்கிக்குங்க. மேல போய் விருந்தாளிகிட்ட தனியா சொல்லுங்க. பாக்கறதும் பாக்காததும் அவங்க இஷ்டம்."

சைனம்பு அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை, உரிமம் புதுப்பிக்கிற விஷயமாகச் சுஜாதா செங்கல்பட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "மதியத்துக்குள்ள வந்துடுவேன். வாசல் ஒங்க பொறுப்பு" என்று சொல்லிச் சாவிக்கொத்தைச் சைனம்புவின் கையில் கொடுத்தாள். சைனம்புவுக்குப் பெருமையாக இருந்தது.

அன்று வீட்டில் ஒரே ஒரு விருந்தாளிதான். மூன்றாம் அறையில் ஹம்சினி. இருபத்தாறு வயது. இரண்டு நாள் முன்பு ஒற்றைப் பையோடு தனியாக வந்தவள். உள்தாழ்ப்பாள் நன்றாக விழுகிறதா என்று நாலு தரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினாள். கடல் பக்கம் போகவே இல்லை. அன்று காலை மட்டும் சைனம்பு வார்த்துக்கொடுத்த ஆப்பத்தில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நாள் கழிச்சு நல்லா பசிச்சுது ஆன்ட்டி" என்று சிரித்தாள்.

பத்தரை மணி இருக்கும். வரதன் தெருவோரம் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஹாரன் அடித்தது. அதிலிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்யாத முகம்.

"அம்மா, என் பேரு சுப்புராமன். எம் பொண்ணு ஹம்சினி இங்க இருக்காளாம்மா? காலையிலேர்ந்து ஒவ்வொரு தங்கற எடமா கேட்டுட்டு வர்றேன். அவங்கம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நாலு நாளா போன் எடுக்க மாட்டேங்கறா." செல்போனை நீட்டினார். திரையில் பட்டமளிப்பு அங்கி போட்டுக்கொண்டு ஹம்சினி, பக்கத்தில் இவர். கண்ணில் நீர் நின்றது.

ஊரப்பாக்கத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் தன் மகள் ஜன்னாவை நினைத்தாள் சைனம்பு. அவள் ஒரு நாள் போன் எடுக்காவிட்டாலே சைனம்பு விடுதி வார்டனைக் கூப்பிட்டுவிடுவாள். நாலு நாள் என்றால்?

"அழாதீங்க. ஒக்காருங்க. பொண்ணு மாடியிலதான் கீது, நல்லாத்தான் கீது" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

சொம்போடு திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. காரிலிருந்து இன்னும் இரண்டு ஆண்கள் இறங்கி அவரோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நோட்டில் போட்ட அடிக்கோடு அவள் நினைவுக்கு வந்தது.

மேலே கதவு தட்டப்பட்டது. "ரூம் சர்வீஸ்" என்று யாரோ ஓர் ஆண் குரல் சொன்னது. தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். அப்புறம் ஒரு சின்னக் கூச்சல், பாதியில் நின்றது.

நாலு பேரும் இறங்கி வந்தார்கள். சுப்புராமன் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவள் காலில் செருப்பு இல்லை. சைனம்புவைக் கண்டதும் ஹம்சினி நின்றாள்.

"ஆன்ட்டி, நான் வரலன்னு சொல்றேன். நீங்க கேக்கறீங்கதானே? நான் வரலன்னு சொல்றேன்."

"வாயை மூடிட்டு வா. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் தகப்பன்.

சைனம்பு சொம்பைப் பிடித்தபடி நின்றாள். காரின் கதவுகள் சாத்திக்கொண்டன. தெருமுனையில் திரும்பி அது மறைந்துவிட்டது.

சுஜாதாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவருக்குப் போட்டாள்.

"அப்பன் பொண்ண இட்டுகினு போறான். நமக்கு இன்னா?" என்றார் ஹயாத் பாஷா. "அவங்க வூட்டு விவகாரம் சைனு. நடுவுல ஒரு பாயம்மா போலீசுக்குப் போனான்னா நாளைக்கு அத வேற மாரி பேசுவாங்க. பேசாம வூட்டுக்கு வா."

"அது வரலன்னு சொல்லிச்சுங்க. என்னப் பாத்து சொல்லிச்சு."

"ஒனக்கு எத்தன தபா சொல்றது? வந்துடு."

அவர் சொன்னதில் பயம் இருந்தது, பயப்படக் காரணமும் இருந்தது. சைனம்பு போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். ஆப்பச்சட்டி இன்னும் கழுவாமல் கிடந்தது. கதவில் சுஜாதா ஒட்டியிருந்த தாளில் அவசர எண்கள் இருந்தன. முதலில் இருந்த போலீஸ் எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள். என்ன நடந்தது என்று கோர்வையாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இருவத்தாறு வயசுப் பொண்ணு, வரலன்னு சொல்லிச்சு, கால்ல செருப்புகூட இல்ல" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். கார் எண்ணை வரதன்தான் சொன்னான். வண்டியை ஓரம் கட்டிய எரிச்சலில் பார்த்து வைத்திருந்தான்.

அரை மணி நேரத்தில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் வந்தார். அவர் வருவதற்குமுன் வரதன் காதோடு சொன்னான்: "அக்கா, அவங்களே நேரா மாடிக்கு ஏறிட்டாங்கன்னு சொல்லிடுங்க. வாசல்ல கீற கேமராவுல பேச்சு கேக்காது. ஒங்க மேலயும் வராது, மேடம் மேலயும் வராது."

உதவி ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். "அந்தப் பொண்ணு இங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சைனம்பு வரதனைப் பார்க்கவில்லை. "நான்தாங்க சொன்னேன். சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. நான் சொல்லிட்டேன்."

திருக்கழுக்குன்றம் தாண்டிக் காரை மடக்கினார்கள். காவல் நிலையத்தில் ஹம்சினி தன் வயதையும், வேலையையும், அடுத்த வாரம் தன்னைக் கேட்காமல் வைத்திருக்கும் கல்யாணத்தையும் சொல்லி, வீட்டுக்குப் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். தாய் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னது பொய். தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்காகச் சைனம்பு அங்கே போனபோது சுப்புராமன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை பொய்யாகத் தெரியவில்லை. "நீங்களும் பொண்ணப் பெத்தவங்கதானேம்மா" என்றார் அவளிடம். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹம்சினி யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து சைனம்புவைப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹம்சினியின் தோழி ரக்ஷா பையை எடுத்துப்போக வந்தாள். அறையைச் சைனம்பு தொடவில்லை. ரக்ஷாவே எல்லாவற்றையும் அடுக்கினாள். கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தாள். டீ வேண்டாம் என்றாள், தண்ணீரும் வேண்டாம் என்றாள்.

வாசலில் சைனம்பு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட... நான் மன்னாப்பு கேட்டேன்னு சொல்லும்மா."

"ஒங்க வாக்குமூலத்தப் படிச்சுக் காட்டினாங்க. நீங்க மறைக்கலன்னு அவளுக்குத் தெரியும்" என்றாள் ரக்ஷா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆனா அவ ஊரையே மாத்தணும் ஆன்ட்டி இப்போ. நல்ல வேலைய விட்டுட்டுப் போறா" என்றாள். ஆட்டோ காத்திருந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சுஜாதா முந்தின நாள் மதியமே திரும்பி வந்து நடந்ததையெல்லாம் கேட்டிருந்தாள். இப்போது வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மிச்சம் மூணு நாளையும் முடிங்க அக்கா. சர்டிபிகேட் தர்றேன். போலீசக் கூப்பிட, நானா இருந்தா எனக்குத் தைரியம் வந்திருக்குமான்னு தெரியல. ஆனா இனிமே ஒங்கள வாசல்ல தனியா விட எனக்கு மனசு வரல."

"எனக்கே வராது மேடம்."

அதற்குள் ஹயாத் பாஷா இரண்டு முறை போன் செய்திருந்தார். தங்கள் வீட்டு மாடிக்கு வெள்ளையடிக்க வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டதாக ஒரு குரல் செய்தி. சைனம்பு அதைச் சமையலறையில் நின்று கேட்டாள். பிறகு அவரைக் கூப்பிட்டு, "சுண்ணாம்பு அடிக்கறது இருக்கட்டும். இந்த மாசம் தொறக்க வேணாம், அடுத்த மாசமும் வேணாம். ஆனா அவன மறுபடி வரவே வேணாம்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

அவள் முன்பக்கம் வந்தாள்.

"மேடம், மூணு நாளு முடிஞ்சாலும் நான் வந்துகினு இருக்கேன். ஒரு மாசம். சம்பளம் வேணாம். சமையக்கட்டுல இல்ல, இங்க, ஒங்க பக்கத்துல. வர்றவங்களுக்கு நீங்க இன்னா பதில் சொல்றீங்கன்னு பாத்துகினு இருக்கேன்."

சுஜாதா பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டு மணிக்கு மூன்றாம் அறைக்கு ஒரு வயதான தம்பதி வருகிறார்கள் என்றாள். துவைத்து மடித்த விரிப்புகளை எடுத்து நீட்டினாள். சைனம்பு வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவள் வெளியே நின்று தட்டினாள்.