ஆபீசர் களி

எண்பத்தெட்டாம் வருஷம் சென்னப்பனுக்குச் சர்க்கரை என்று கம்பெனி டாக்டர் சொன்னார். கேட்டதும் அவன் பெண்டாட்டி ரங்கம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவளுடைய மாமனார் அந்த வியாதியில்தான் ஒரு காலை இழந்து, கட்டிலோடு கிடந்து போய்ச் சேர்ந்தார். அவர் மகனுக்கோ ஒன்றும் கரையவில்லை. சோற்றைக் குறைத்து ராகிக் களி தின்னச் சொன்ன டாக்டரிடம் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரே போடாகப் போட்டான்.

"களி தின்னு கூலிக்குப் போன காலமெல்லாம் போதும். சோறு திங்கத்தான் கம்பெனிக்கு வந்தேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். ஓசூரில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர், அதுவும் பெர்மனென்ட். மத்தூரில் அவன் சொந்தக்காரர்கள் அவனைச் சோறு தின்கிற ஆள் என்றுதான் மரியாதையாகப் பேசினார்கள். உண்மையைச் சொன்னால் ரங்கம்மாவுக்கும் சோறுதான் உயிர். அது வேறு விஷயம்.

ரங்கம்மா அதே கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிறவள். கேன்டீனைப் பார்த்துக்கொண்ட தங்கதுரை, கோவில்பட்டிக்காரர், டாக்டர் பேச்சைக் கேட்டுத் தொழிலாளர் வரிசையில் களி வைத்தார். களியின் மகிமையை எழுதி ஒரு போர்டும் மாட்டினார். ஒருத்தன் தொட வேண்டுமே! நாலு பேர் பார்க்கக் களி வாங்க யாருக்கு மனசு வரும்? உருண்டையெல்லாம் சாயங்காலம் எருமைக்குப் போயிற்று. எருமைக்குச் சர்க்கரை வரவே இல்லை.

ரங்கம்மா யோசித்துவிட்டுத் தங்கதுரையிடம் போனாள். களியை ஆபீசர்கள் சாப்பிடும் அறைக்கு மாற்றுங்கள், தொழிலாளி கேட்டால் கிடையாது என்று சொல்லிவிடுங்கள் என்றாள். மேனேஜருக்கும் சர்க்கரை இருந்ததால் அங்கே தடை வரவில்லை. மறுநாளிலிருந்து களி பீங்கான் தட்டில், பக்கத்தில் கொள்ளுக் குழம்போடு, வெள்ளைத் துணி மூடிப் போயிற்று. ரங்கம்மாவே தூக்கிக்கொண்டு போவாள். அதுவும் புருஷன் உட்காரும் மேஜையை ஒட்டித்தான் போவாள்.

தொழிலாளிகள் முதலில் பார்த்தார்கள். பிறகு மோந்தார்கள். கடைசியில் சென்னப்பனே கேட்டுவிட்டான். "ஸ்டாஃபுக்கு மட்டும்" என்று கட்டின புருஷனுக்கே முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

யூனியன் கூடியது. நம்ம காட்டு ராகி, நம்ம களி, அவங்களுக்கு மட்டும் பீங்கான் தட்டா என்று சென்னப்பன் கொதித்தான். கேட் மீட்டிங்கில் களி கேட்டுக் கோஷம் போட்டார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்கள் அதையே கன்னடத்தில் போட்டார்கள். தங்கதுரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மனசே இல்லாதவர் போல ஒத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சென்னப்பன் ரெண்டு உருண்டை தின்றான். ரங்கம்மா பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே சோற்றைப் போட்டாள்.

"நாங்க போராடி வாங்குனது களி. வீட்ல என்னாத்துக்குச் சோறு?" என்றான் அவன்.

அதற்கும் அவள் தயாராக இருந்தாள். அடுப்போரம் மூடி வைத்திருந்த களியை அவனுக்குப் போட்டுவிட்டு, தன் சோற்றின் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்தாள். சென்னப்பன் அவள் தட்டைப் பார்த்தான்.

"உனக்கு மட்டும் தனிச் சாப்பாடா? அப்ப நீயும் ஸ்டாஃபா?"

அவளுடைய சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் தன் உருண்டையில் பாதியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தான். ஒவ்வொரு வாயும் அவள் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. எதிரே அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்த ரெண்டு காலையும் பார்த்துக்கொண்டே அவள் தின்று முடித்தாள்.