குட்டிக் கிழங்குகள்

மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் விளிம்பை வாசற்படியில் மெல்லத் தட்டினாள் ஜெஸிந்தா. வேர்கள் சட்டியின் வடிவத்திலேயே பின்னிக்கொண்டு, மண்ணோடு ஒரே கட்டியாக அவள் கையில் இறங்கின. நடுவே அமரில்லிஸ் பூச்செடியின் தாய்க்கிழங்கு, பெல்லாரி வெங்காயம்போலப் பழுப்புத் தோலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதுதான் கடைசிச் சட்டி. மற்றவற்றையெல்லாம் முந்தின வாரமே எடுத்து, இலைமக்கும் ஆற்றுமணலும் கலந்த புது மண்ணில் கழுத்து வெளியே தெரிய நட்டாயிற்று. இப்போது மண் மாற்றினால்தான் ஈஸ்டருக்குப் பீடத்தில் வைக்கச் சிவப்புப் பூ கிடைக்கும்.

தாயை ஒட்டி வளர்ந்திருந்த குட்டிக் கிழங்குகளை மட்டும் அவள் நடாமல் வைத்திருந்தாள். பிரித்தெடுத்த காயம் ஆறுவதற்குள் மண்ணில் வைத்தால் அழுகிவிடும். தை மாதத்துக் குன்னூர்ப் பனியில் வெளியே எது காய்கிறது? எஸ்டேட் குவார்ட்டர்ஸில் எல்லாரும் விதையையும் வற்றலையும் காய வைப்பதுபோல, அவளும் விறகடுப்புக்கு மேலிருந்த பரணில் ஒரு முறத்தில் அவற்றைப் பரப்பியிருந்தாள். சமையலுக்கான சின்ன வெங்காயமும் அதே பரணில், பக்கத்து முறத்தில்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எட்டி முறத்தை இறக்கினாள். பாரமே இல்லாமல் வந்தது. காய்ந்த தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பக்கத்து முறத்தை இழுத்துப் பார்த்தாள். வெங்காயம் வைத்தது வைத்தபடி இருந்தது.

எலியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். பிறகு நேற்று மாலை நினைவுக்கு வந்தது.

நேற்று மாலை ஜெபமாலையில் பாதி முடிந்திருந்தபோது பேச்சி பின்வாசலில் வந்து நின்றாள். தேயிலை பறிக்கிறவள், தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்தில் குடியிருக்கிறாள். அவள் புருஷன் சுடலைமுத்து இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

"டீச்சரம்மா, நாளைக்கு அவருக்கு வருச நாளுங்க. கருவாட்டுக் கொழம்பு வெச்சுப் படைக்கோணும். கொஞ்சம் சின்ன வெங்காயம் கெடைக்குமுங்களா?"

ஜெஸிந்தா ஜெபத்தை நிறுத்தவில்லை. மணியை விரலிடுக்கில் பிடித்தபடி, கண்ணைப் பாதி திறந்து, மறு கையால் பரணைக் காட்டினாள். உள்ளே இருட்டில் முறம் உரசும் சத்தம் கேட்டது. "எடுத்துக்கிட்டனுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று பேச்சி சொல்லிவிட்டுப் போனதும் கேட்டது. ஜெபம் முடிந்து எழுந்தபோது, ஒரு விதவைக்கு உதவினோம் என்ற திருப்தி அவளுக்கு இருந்தது. அந்தத் திருப்திதான் இப்போது முள்ளாகக் குத்தியது. நாலடி எழுந்து நடந்திருந்தால் போதுமே.

முதல் கிழங்கை அவளுக்குக் கொடுத்த கன்னியாஸ்திரி சொல்லித்தான் கொடுத்திருந்தார்: பிள்ளைகள் கையில் படாமல் வை, தின்றால் குடலையே புரட்டிவிடும், அதிகமானால் உயிருக்கே மோசம். தோட்டத்தில் டேலியாவையும் உருளைக்கிழங்கையும் தோண்டித் தின்னும் முள்ளம்பன்றிகூட இதை மோந்துவிட்டு விலகிப் போவதை அவளே பார்த்திருக்கிறாள்.

அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஸ்வெட்டர் எடுக்கவில்லை. கையெல்லாம் ஈரமண். கணவர் லூயிஸ் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே போய்ச் சொல்லி ஆள் அனுப்புவதைவிட லயத்துக்கு இறங்குவது பக்கம்.

பேச்சியின் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு வாசலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாலாமணி தலையைத் தூக்கினாள்.

"பேச்சி எங்கே, பாலாமணி? குழம்பு வச்சாளா?"

"வெச்சா, வெச்சா. லயமே மணக்குது கருவாடு. எனக்கு ஒரு கரண்டி ஊத்தடின்னா, படையல் முடியாம நாக்குல வெக்கக் கூடாதுன்னு தூக்குப்போணிய மூடிக்கிட்டா. ருசிகூடப் பாக்கல அவ. லீவு குடுக்கலியாம், காட்டுலயே படைக்கிறாளாம். அவரோட வேல செஞ்ச பொம்பளைக அத்தன பேருக்கும் சோறு."

"எந்தக் காடு?"

"ஏழாம் நம்பர். அந்தச் சவுக்கு மரத்தடியிலதானே அந்த மனுசன் பீடி குடிச்சுக்கிட்டுக் கெடப்பான்." பாலாமணி சிரித்தாள். "ஏனுங்க டீச்சர், உங்களையும் சாப்பிடக் கூப்பிட்டாளா?"

பதில் சொல்ல நேரமில்லை. ஏழாம் நம்பர் தேயிலைக் காடு ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில். அவள் ஓடையைத் தாண்டும்போதே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. மதியச் சாப்பாட்டுச் சங்கு. பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, தேயிலைச் செடிகளின் தலைகளை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மூடியிருந்தது. எந்த வரிசையில் ஏறினாலும் ஒன்றுபோல இருந்தது. சேலை கிளைகளில் மாட்டிக் கிழிந்தது. இழுத்துக்கொண்டு ஏறினாள். மூச்சுக்கு நடுவே ஜெபம் சொல்லப் பார்த்தாள். 'ஆண்டவரே, ஒரு வாய்கூட' என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

ஒரு பொய்யும் கூடவே ஏறி வந்தது. வெங்காயத்தில் எலிமருந்து பட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். பழி எலிக்குப் போகும். தலையைக்கூடத் திருப்பாமல் பரணைக் காட்டியது யாருக்கும் தெரிய வேண்டாம். நிறைய பேர் அவளிடம் எழுத்துப் படித்தவர்கள். அவர்கள் முன்னால் எப்படி நிற்பது? அந்த எண்ணத்தை அவள் விரட்டவில்லை, விரட்டவும் மூச்சில்லை. அது பின்தங்கிப் போகும்வரை ஓடினாள்.

முதலில் கேட்டது சிரிப்பு. பிறகு கற்பூர வாசனை. மஞ்சுக்குள் சவுக்கு மரமும் அதனடியில் வட்டமாகக் குந்தியிருந்த பெண்களும் தெரிந்தார்கள். வாழையிலையில் சோறு குவித்து, நடுவே பள்ளம் பறித்துக் குழம்பு ஊற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு பீடி. பேச்சி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு தட்டு மடியில் காத்திருந்தது.

மேஸ்திரி சங்கிலிதான் அவளை முதலில் பார்த்தான். "வாங்க டீச்சர்! சுடலைமுத்து அண்ணன் குடுத்து வெச்சவரு, படையலுக்கு வாத்தியாரம்மாவே ஓடி வர்றாங்க பாரு!"

"யாரும் சாப்பிடாதீங்க!" குரல் கிழிந்து வந்தது. "பேச்சி, அந்தக் குழம்பை யாருக்கும் ஊத்தாதே. அது வெங்காயமில்லை. என் பூச்செடிக் கிழங்கு. விஷம்."

பேச்சி கண்ணைத் திறந்தாள்.

"பூக்கெழங்கையா கொழம்பு வெச்சே?" என்று யாரோ ஆரம்பித்த சிரிப்பு பாதியில் நின்றது.

பேச்சி அவளையே பார்த்தாள். "உரிக்கையில கண்ணு எரியலியேன்னு நெனச்சனுங்க. அடுப்புப் புகையில, எனக்குச் சளி வேற... டீச்சரம்மா ஊட்டு வெங்காயம், ஒசத்தி வெங்காயம் போலன்னு இருந்துட்டனுங்க."

ஜெஸிந்தா இலைக்கு முன்னாலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நான் எந்திரிச்சு வந்து எடுத்துக் குடுத்திருக்கணும், பேச்சி. ஜெபத்துல இருக்கேன்னு கையக் காட்டிட்டேன். தப்பு என்னுது. உன்னுது இல்ல."

பேச்சி வாய் திறப்பதற்குள் வட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா... நான் நக்கிட்டனே."

இசக்கியம்மா. கூட்டத்திலேயே இளையவள். எல்லாருடைய பார்வையும் திரும்பியதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "வரும்போது தூக்கு என்ற கையிலதானே இருந்துச்சு. மணத்துக்கு ஒரு கை... ரெண்டு கெழங்கு. கசந்துச்சு. கருவாட்டோட பித்தம்னு..."

"படைக்கறதுக்கு முந்தி தின்னியா? நாசமாப் போறவளே!" என்று பேச்சி எழுந்தாள். அடுத்த நொடியே அவள் முகம் மாறியது. இசக்கியம்மாவின் வாயில் நீர் ஊறி வழிந்துகொண்டிருந்தது. அவள் குப்புறக் கையூன்றிக் குமட்டினாள்.

ஜெஸிந்தா ஊர்ந்துபோய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். உள்ளங்கையின் மண் அந்தப் பெண்ணின் நெற்றியில் அப்பியது. வாந்தி நிற்கவில்லை, நெற்றி பனியைப்போல் சில்லிட்டது. சங்கிலி ஏற்கெனவே ஓடியிருந்தான். "லாரிய மேல கொண்டாறன், டிஸ்பென்சரிக்குப் போயிரலாம், ரோட்டுக்குக் கூட்டியாங்க!" என்ற அவன் குரல் கீழிருந்து வந்தது.

"டீச்சர், நான் செத்துருவனா?"

ஜெஸிந்தா அவள் வாயை முந்தானையால் துடைத்தாள். "நான் உன்னை விடமாட்டேன், கண்ணு" என்றாள். அவள் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். தனியே தூக்க முடியவில்லை. மறுபக்கம் இன்னொரு தோள் வந்து சேர்ந்தது. பேச்சி. பனிக்குப் போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளியை அவிழ்த்து, மூன்று பேர் முதுகையும் சேர்த்து மூடினாள்.

"நடுங்குறீங்களே டீச்சரம்மா. ஸ்வெட்டர்கூடப் போடாமயா வந்தீங்க?"

"பேச்சி... உன் வீட்டுக்காரருக்கு..."

"ஜெபத்துல இருந்தவங்கள நானுந்தான் கூப்பிட்டிருக்கக் கூடாதுங்க." பேச்சி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மொதல்ல இவ நல்லாகட்டும். அந்த மனுசன் கோவிச்சுக்க மாட்டாரு. இவளுக்குத் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து வேல சொல்லிக் குடுத்ததே அவருதானுங்க."

ரோட்டுக்கு இறங்கும் வளைவில் ஜெஸிந்தா ஒருமுறை திரும்பினாள். மரத்தடியில் ஒருத்தி தூக்கிலிருந்த குழம்பைச் செடிகளுக்கிடையில் குழி பறித்துக் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி புது இலை விரித்தாள். மற்றவர்கள் அவரவர் போணியைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்தார்கள்: யாரோ உப்புமா, யாரோ பழைய இட்லி, யாரோ ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். அணைந்துபோன கற்பூரத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்து, காற்றுக்கு மறைப்பாகப் பல கைகள் குவிந்தன.

இசக்கியம்மாவின் தலை அவள் தோளில் கனத்தது. லாரிச் சத்தம் கேட்டது. மஞ்சுக்குள் அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள், நின்று நின்று இறங்கினார்கள். மேலே, குவிந்த கைகளுக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம் பற்றியது.