எது வரை புரிந்தது?

வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘பூட்டு’. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவள் வாயிலிருந்து ஒரு கேள்வியை எடுக்க முடியாது. இயற்பியல் டீச்சரோ, இந்த முறை விடைக்கு இல்லை, கேள்விக்குத்தான் மதிப்பெண் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். எழுத்துத் தேர்வில் அவள் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். இதிலும் போனால் அறிவியல் பிரிவில் இடம் கிடையாது.

பழகிக்கொள்ள, கணினி அறையில் ஒரு பயிற்சி நிரல் இருந்தது. பிடிவாதம் பிடித்த நிரல். கேள்வி தெளிவாக இல்லையென்றால் அசையாது.

“ஒன்றும் புரியவில்லை” என்று தட்டினாள்.

“எது வரை புரிந்தது?” என்றது திரை.

“மின்சுற்று புரியவில்லை.”

“எது வரை புரிந்தது?”

பக்கத்து நாற்காலித் தோழி எட்டிப் பார்த்தாள். “நல்ல ஜோடிடி. நீ வாயத் திறக்க மாட்ட, அது உன்ன விடாது.”

மூன்று நாள் இதே பாட்டு. நான்காம் நாள் கோபம் வந்தது. புரிந்ததையெல்லாம் முதலிலிருந்து எழுதினாள். ஒரு பேட்டரி. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பல்புகள். முதல் பல்பு கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும். மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும்.

விரல் நின்றது. அப்படியென்றால் இரண்டாவது மட்டும்தானே மங்க வேண்டும்? ஆய்வகத்தில் இரண்டும் ஒரேபோல் அல்லவா மங்கின? அதையும் தட்டினாள்.

“இதைக் கேள்” என்றது திரை.

வெள்ளிக்கிழமை தன் முறை வந்ததும் எழுந்தாள். கேட்டும் விட்டாள்.

“பூட்டு தெறந்துடுச்சுடி!” என்றாள் தோழி. வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

“கரண்ட்ட பல்பு தின்னுடுதுன்னு இங்க எத்தன பேர் நெனச்சீங்க?”

தயங்கித் தயங்கிப் பாதிக் கைகள் உயர்ந்தன.

“இத்தன நாளா எனக்கு இது தெரியாமப் போச்சே. ரொம்ப நன்றிம்மா. வா, நீயே அளந்து சொல்லு.” அலமாரியிலிருந்து அம்மீட்டரை எடுத்து நீட்டினார்.

முதல் பல்புக்கு முன்னால் அளந்தாள். இரண்டாவதற்குப் பின்னால் அளந்தாள். முள் அதே இடத்தில் நின்றது. யாரும் எதையும் தின்னவில்லை. டீச்சர் அவள் பெயருக்கு நேரே முழு மதிப்பெண் போட்டார்.

சாயங்காலம் கணினி அறைக்கு ஓடினாள்.

“ரொம்ப நன்றி” என்று தட்டினாள்.

“எது வரை புரிந்தது?”

வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மின்சாரம் எங்கும் குறையவில்லை, அது வரை புரிந்தது. அப்படியானால் பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது?”