மூன்றாம் பெட்டியின் சந்தனம்

மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் ஆரவாரம் அடங்குவதற்குள் காஜா பெராங் ஐஸ் தொழிற்சாலையில் மறுபடியும் ஃபியூஸ் எரிந்தது. மோட்டார் நின்றது. தொட்டியில் பாதி இறுகியிருந்த ஐஸ் கஞ்சி மாதிரி ஆயிற்று. மீன்காரர்கள் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

"ஃபியூஸ் தானா எரியுமா? எரிய வைக்கிற கை ஒண்ணு இங்கேதான் இருக்கு," என்றார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம்.

சொல்லும்போது அவர் பார்த்தது மருதமுத்துவை. மோட்டார் அறைச் சாவி அவனிடம் இருந்தது. போதாததற்குத் தொழிற்சங்கத்தில் வேறு சேர்ந்திருந்தான். இன்னொரு தடவை எரிந்தால் அவனுக்கு வேலை கிடையாது, பின்னால் இருக்கிற தகர வீட்டையும் காலி பண்ண வேண்டும் என்று சீன முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். அந்த வீட்டில்தான் அவன் பெண்டாட்டி சாரதாம்பாளும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நான் அங்கே கூட்டுகிறவன். ஆள் குறைந்தால் ஐஸ் கட்டி இழுக்கவும் கூப்பிடுவார்கள். கிராணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பிராஜா, நீ கூட்டுற சாக்குல உள்ளே போவே. அவன் என்ன பண்றான்னு ஒரு கண்ணு வச்சுக்க."

"சரிங்கய்யா."

ஒருத்தன் மேல் கண் வைத்துவிட்டால் அவன் செய்வதெல்லாம் திருட்டாகத்தான் தெரியும். மருதமுத்து மோட்டாரில் காது வைத்துக் கேட்டான், எதற்குக் கேட்கிறான்? இருமினான், வெளியே யாருக்காவது சாடை காட்டுகிறானோ? நான் விளக்குமாற்றை மெல்ல மெல்ல நகர்த்தினேன். அவனும் அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, கூட்டின இடத்தையே கூட்டுறீங்க? தரையிலே தங்கம் கிடக்குதா?"

"ஈரம் காயலைப்பா."

"ஐஸ் தொழிற்சாலையிலே ஈரம் காயுறதுக்கு நிக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

அவன் சொன்னது சரிதான். குளிர் அறைச் சுவரை ஒட்டித்தான் சுவிட்சுப் பெட்டிகள் இருந்தன. வரிசையாக ஐந்து இரும்புப் பெட்டி. சுவர் எப்போதும் வியர்த்துக் கொட்டும். பெட்டிகளும் வியர்க்கும். ஓடுகிற நேரத்தில் அவற்றை யாரும் தொட மாட்டோம். ஈரக் கையும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் பயம்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு மட்டும் மெயினை நிறுத்தி எல்லாவற்றையும் துடைப்போம். சாரதாம்பாள் சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். மோட்டார், தராசு, ஐஸ் கொக்கி, சுவிட்சுப் பெட்டி என்று ஒன்று விடாமல் நான்தான் பொட்டு வைத்தேன். தவுக்கேகூட வந்து கும்பிட்டு ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் கிராணி போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடினோம். நான்கு பெட்டியில் பொட்டு வைத்தபடியே ஈரமாக, ஓரம் வழிந்து இருந்தது. மூன்றாவது பெட்டியில் பொட்டைக் காணோம். தரையில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது.

"சாமிப் பொட்டைச் சுரண்டினவன் யாருடா? சங்கத்துக்காரனுக்குச் சாமி ஆகாதோ?"

மருதமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அரைச்சுக் குடுத்தவளே என் பெண்டாட்டிங்கய்யா. நான் எதுக்குச் சுரண்டுறேன்?"

"பெட்டிக்கிட்டே போன கைதானே ஃபியூஸையும் எரிச்சிருக்கும்? இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

கிராணி சொன்னதைச் செய்கிறவர். மிச்சச் சந்தனத்தைக் கரைத்து, நீளக் குச்சியில் கட்டிய வாழை நாரில் தோய்த்து, தொடாமல் எட்ட நின்று மூன்றாவது பெட்டியில் ஒரு பெரிய பொட்டு வைத்தார். நான்காவதிலும் புதிதாக ஒன்று. பிறகு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். மருதமுத்துவை மோட்டாருக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். என்னை வாசலில் நிறுத்தினார்.

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு மருதமுத்துவின் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பாவம், அவன் மூக்கைக்கூடச் சொறியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கிராணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்தே விட்டார். மூன்றாவது பெட்டியில் சந்தனம் வெளுத்து, வயல் மாதிரி வெடித்தது. ஓரம் பழுப்பாகி, சுருண்டு, பொலபொலவென்று உதிர்ந்தது. நான்காவதில் அப்படியே ஈரம். பக்கத்தில் ஒரு ஈ எறும்பு இல்லை.

"மோட்டாரை நிறுத்தாதே," என்றார் கிராணி. "செங் ஊர்ல இருந்து ஒயர்மேன் பாயைக் கூட்டிட்டு வாங்க."

அப்துல் கய்யூம் பாய் சைக்கிளில் வந்தார். காய்ந்த மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு துண்டு மெழுகுவத்தியைக் கட்டியிருந்தார். அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து, கம்பி வந்து முடுக்கியிருக்கிற இடங்களை மெழுகால் ஒவ்வொன்றாகத் தொட்டார். முதல் இரண்டு இடத்தில் மெழுகு அசையவில்லை. மூன்றாவது இடத்தில் பட்டதும் நெய் மாதிரி உருகி ஓடியது.

"இங்கேதான் காய்ச்சல்," என்றார் பாய். "திருகாணி இளகியிருக்கு. இளகின இடம் சூடாகும். சூடு ஃபியூஸைத் தின்னும்."

மருதமுத்து அப்படியே தரையில் குந்திவிட்டான். பாய் மெயினை நிறுத்தி, கறுத்த கம்பியைச் சுரண்டி முடுக்கினார். கிராணி விடவில்லை.

"இளகினதா, யாரும் இளக்கினதா?"

"மோட்டார் ஆடுற ஆட்டத்துல எதுவும் இளகுங்க."

"அஞ்சு பெட்டியும்தான் ஆடுது. இது மட்டும் ஏன்?"

"சூடு எங்கேன்னுதான் மெழுகுவத்தி சொல்லும் ஐயா. யாருன்னு கேட்டா அதுக்கு வாய் இல்லை."

"சொல்லாதுல்ல?" என்றார் கிராணி. அந்த ஒரு வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டார். மருதமுத்துவின் வேலை போகவில்லை. மோட்டார் அறைச் சாவி மட்டும் கிராணியின் இடுப்புக்குப் போனது.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் மருதமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. கிராணி உங்களை என் மேல கண்ணு வைக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்னையும் உங்க மேல வைக்கச் சொன்னாரு. கூட்டுறவன் கை எங்கே எல்லாம் போகுதுன்னு பாத்துச் சொல்லுன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"கூட்டின இடத்தையே கூட்டுறாருன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சாரதா மூட்டை கட்டிட்டா. செமாபோக்ல அவ தம்பி வீட்டுல ஒரு அறை இருக்கு. வேலைக்கு அங்கேயிருந்து வந்துக்கிறேன்."

"அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. எதுக்குப் போறே?"

"அடுத்த ஃபியூஸும் எரியும்ணே. இரும்புதானே? அன்னிக்குப் பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாது. வேலையை அவங்க எடுத்துக்கட்டும். வீட்டை நானே விட்டுடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை வாடகை லாரி வந்தது. சட்டி பானை, பாய், தையல் மிஷின் எல்லாம் ஏறியது. கட்டிலைத் தூக்க நான் போனேன். கிராணி ஆபீஸ் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து என் காதோரம் கேட்டார்.

"குத்தம் இல்லாதவன் எதுக்குய்யா வீட்டைக் காலி பண்றான்?"

கட்டிலின் ஒரு முனை என் தோளில் இருந்தது. நான் லாரியை நோக்கி நடந்தேன். அவர் மருதமுத்துவை விட்டுவிட்டு என் மேல் கண் வைக்க ஆரம்பித்தார்.